தச்சர் வீட்டு ஏழு பெரியப்பாக்கள்

கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுக் கடையின் நடுச்சுவரில் மாட்டியது தவறு என்று சட்டக்காரம்மாவுக்கு அன்று தோன்றவில்லை. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். மரத்தை மூலைக்கு மூலை சாய்வாக அறுத்து, ஒட்டி, கண்ணாடி பதித்து, பின்னால் அட்டை அடித்து மூடும்வரை எல்லாமே அவள் கைவேலை. தெருவில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. புதிதாகக் குடிவந்த ஒருவர் அவளை வக்கீல் என்று நினைத்து, வாடகைத் தகராறோடு வந்து அரைமணி நேரம் புலம்பிவிட்டுப் போனதும் உண்டு. அவளும் பொறுமையாகக் கேட்டு, ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினாள்.

கடிதம் ஆற்றங்கரைக் கோயிலிலிருந்து வந்திருந்தது. இருநூறு வருடத்துக்கு மேலான பழைய மாதா கோயில். கெட்டித் தாளில், மேலே கோபுரத்தின் படத்தோடு, ‘மதிப்பிற்குரிய தச்சர் வீட்டாருக்கு’ என்று தொடங்கியது. ஆறு கரையை அரித்துக்கொண்டு வருவதால் கல்லறைத் தோட்டத்தின் கீழ்வரிசையை மேட்டுக்கு மாற்றப்போவதாகவும், அந்த வரிசையில் தச்சர் வீட்டைச் சேர்ந்த கல்லறைகள் மட்டும் முப்பத்தொன்று இருப்பதாகவும், குடும்பத்தார் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

முப்பத்தொன்று. அந்த எண்ணை அவள் நாலு தடவை படித்தாள். இரண்டாவது தாளில் பொடி எழுத்தில் விதிமுறைகள் இருந்தன. அதை மடித்து, சட்டத்துக்குள் கடிதம் தொளதொளவென்று நிற்காமல் இருக்க, பின்னால் முட்டுக் கொடுத்து ஆணி அடித்துவிட்டாள்.

அவளுக்கு அந்த எண் ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதற்குக் காரணம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் மகளுக்கு நிச்சயம் நடந்தது. மகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பிள்ளை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். பெண் வீட்டுப் பக்கம் அவளும் மகளும். கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பார்க்கப் பாவமாக இருக்கக் கூடாதே என்று பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரையும் அவர் மனைவியையும் கூட்டி உட்காரவைத்திருந்தாள். மூன்று தலைமுறையாக ஒற்றைப் பிள்ளை வம்சம். அவள் அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் இல்லை, அவளுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை.

சம்பந்தியம்மா ஆறு தையல் மெஷின் வைத்துக் கடை நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம். “எங்க வீட்டுல ஒருத்தர் தும்மினா நாப்பது பேர் மூக்கைத் துடைப்போம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தவள், காலி நாற்காலிகளைக் கண்டதும் சிரித்தாள்.

“கல்யாணத்தன்னைக்கு உங்க பக்கம் நிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க சம்பந்தி. எங்க ஆளுங்கள்ல ஒரு பத்துப் பேரை இரவல் தர்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சட்டக்காரம்மாவும் சிரித்துவைத்தாள். சிரித்த சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

கடிதம் வந்த மறுநாளே சம்பந்திக்குப் போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை எங்க குடும்பக் கல்லறையைப் பார்க்கப் போறோம். நீங்களும் வாங்க. முப்பத்தொரு பேர் இருக்காங்க அங்க.”

“அவ்வளவு பேரா?” என்றாள் சம்பந்தியம்மா. குரல் ஒரு படி இறங்கியிருந்தது. சட்டக்காரம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் கதைகட்டவில்லை. வீட்டில் மாலை ஜெபம் முடியும்போது அவள் அப்பா தவறாமல் சொல்லும் வரி ஒன்று உண்டு. ‘எங்கள் பெரியப்பா ஏழு பேரையும், அத்தை ஐந்து பேரையும், மாமா எட்டுப் பேரையும், அக்கா நாலு பேரையும், பிள்ளைகள் ஆறு பேரையும் நினைத்தருளும் ஆண்டவரே.’ அப்பா அதைத் தன் அப்பாவிடமிருந்து கற்றார். அப்பா போன பிறகு அவள் சொன்னாள். இப்போது மகளும் கூடச் சேர்ந்து சொல்கிறாள். அந்தப் பெரியப்பாக்கள் யார், எப்போது இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஆற்றங்கரையில் தூங்குகிறார்கள் என்று மட்டும் தெரியும். கொள்ளுத்தாத்தா அந்தக் கோயிலில் தச்சராக இருந்தவர். அவர் மகன் பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்தபின் போக்குவரத்து விட்டுப்போயிற்று.

ஞாயிறு காலை அவளும் மகளும் சம்பந்தியம்மாவும் பஸ்ஸில் போய் இறங்கி, ஆற்றோரமாகக் கால் மணி நேரம் நடந்தார்கள். வளைவில் திரும்பியதும் கோயில் தெரிந்தது. பெரிய கோயில் இல்லை. ஆனால் நின்ற நிலையில் ஒரு கம்பீரம் இருந்தது. ஒரு முழத்துக்கும் மேல் கனத்த சுவர்கள். மேற்குச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு வருடத்தோடு செதுக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு சம்பந்தியம்மாவின் தலைக்கு மேல் இரண்டடி.

உள்ளே போனதும் சட்டக்காரம்மாவின் கண் பீடத்துக்குப் போகுமுன் கூரைக்குத்தான் போயிற்று. உத்தரமும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடங்களை அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஆணி இல்லை. மரத்துக்குள் மரம் கோத்து, மர முளை அடித்திருந்தது. நூறு வருடத்தில் மூலை ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

“கூரை முழுக்க தச்சர் வேலைம்மா” என்றார் பின்னால் வந்து நின்ற மணியடிப்பவர். வழுக்கைத் தலை, கையில் சாவிக்கொத்து, நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்துப் போடுகிற மனிதர்.

“எங்க கொள்ளுத்தாத்தா” என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே அவள் தோள் தானாக நிமிர்ந்தது. முழந்தாளிட்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

மணியடிப்பவர் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். தோட்டம் கோயிலுக்குப் பின்னாலிருந்து ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கியது. கீழ் மதிலில் ஒரு பகுதி போன மழையில் இடிந்து தண்ணீருக்குள் கிடந்தது. அதை ஒட்டிய வரிசைதான் அவர்களுடையது. முழங்கால் உயரச் சின்னக் கற்கள். பேர் இல்லை. ‘தச்சர் வீட்டுப் பெரியப்பா’ என்று ஒன்று. அடுத்து ‘தச்சர் வீட்டு அத்தை’. அதற்கடுத்து ‘தச்சர் வீட்டு மாமா’. சின்னச் சின்னக் கற்களில் ‘தச்சர் வீட்டுப் பிள்ளை’. கீழே தேதி மட்டும்.

சட்டக்காரம்மா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஜெபத்தில் வரும் வரிசை அப்படியே மண்ணில் இருந்தது. மகள் காதில் கிசுகிசுத்தாள். “அம்மா, ஏழு பெரியப்பாவும் இருக்காங்க. எண்ணிட்டேன்.”

“இல்லாம எங்கடி போவாங்க?” என்றாள் அவள். குரல் சம்பந்தியம்மாவுக்கும் கேட்கிற அளவுக்கு இருந்தது.

சம்பந்தியம்மா தையல்காரி. கண் அளவிலேயே விரற்கடை வித்தியாசத்தைப் பிடித்துவிடுவாள். அவள் தேதிகளைக் குனிந்து படித்துக்கொண்டு வந்தாள்.

“சம்பந்தி, இதென்ன? இந்த ஒரு வாரத்துல மட்டும் ஆறு பேர். ரெண்டு மாமா, ஒரு அத்தை, ஒரு அக்கா, ரெண்டு குழந்தை. ஏதாவது காய்ச்சலா?”

சட்டக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. மணியடிப்பவரைப் பார்த்தாள். அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“கடுதாசியோட ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தோமேம்மா. படிக்கலையா?”

ரெண்டாம் பக்கம் ஆணி அடித்த அட்டைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. “படிச்சேன்” என்று அவள் வாயில் வந்துவிட்டது. கோயில் வாசலில் நின்று பொய்யா என்று விழுங்கிவிட்டு, “சரியாப் படிக்கலைங்க” என்றாள்.

“அப்போ ஃபாதரைப் பார்த்துடுங்க. அலுவலகத்துலதான் இருக்கார்.”

சம்பந்தியம்மாவுக்குக் கால் வலி. மணியடிப்பவர் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சைத் தனியாளாகத் தூக்கிவந்து மர நிழலில் போட்டு, சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். மகளைத் துணைக்கு அங்கே உட்காரவைத்துவிட்டு, அவள் மட்டும் போனாள்.

பங்குத் தந்தை இளவயதுக்காரர். மேசைமேல் பழைய பதிவேடு ஒன்றைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். தோல் அட்டை, ஓரம் செல்லரித்த தாள்கள்.

“அந்தக் காலத்துல இங்க ஒரு விதி இருந்துச்சும்மா” என்றார். “இந்தப் பங்குல உறவுக்காரங்க இருக்கிறவங்களைத்தான் மதிலுக்குள்ள அடக்கம் பண்ணுவாங்க. ஆறு வளையுற இடம் இது. மேலே எங்க வெள்ளம் வந்தாலும் அதுல போனவங்க இங்கதான் வந்து ஒதுங்குவாங்க. யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. அவங்களை வெளியில மணல்ல புதைச்சிடுவாங்க. அடுத்த வெள்ளத்துல அதுவும் போயிடும்.” பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பினார். “இதைப் படிங்க. அப்போ இருந்த ஃபாதர் கையெழுத்து.”

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

‘இன்று தச்சன் வந்தான். ஆற்றில் கண்டெடுத்த முதியவரைத் தன் பெரியப்பா என்றான். பெட்டி செய்து கொண்டுவந்திருந்தான். மதிலுக்குள் அடக்கம் செய்தேன்.’

சில பக்கம் தள்ளி: ‘தச்சன் மறுபடியும் வந்தான். இந்த அம்மாள் தன் அத்தை என்றான். போன மாதமும் ஓர் அத்தை. அவன் தகப்பனுக்குக் கூடப் பிறந்தவர் எவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அவன் கைகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது. இரவெல்லாம் பெட்டி செய்திருக்கிறான். உறவு என்ற இடத்தில் அத்தை என்றே எழுதினேன். கடவுள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்வாராக.’

அவளுக்கு எழுத்து மங்கியது. மூக்குக்கண்ணாடியை மறுபடி துடைத்தாள். குறை கண்ணாடியில் இல்லை.

“அப்போ இத்தனை பேரும்...”

“கடைசிக் கல் தச்சரோடது. அவர் ஒருத்தர்தான் உங்க இரத்தம். மத்த முப்பது பேரும் யாரோ.” தந்தை தயங்கிச் சொன்னார். “மேட்டுல இடம் குறைச்சல்மா. உறவுக்காரங்க இருக்கிற கல்லறையை மட்டும் மாத்தறதா சபையில தீர்மானம். எடுக்கிற எலும்புகளைப் புதுசா ஒரு சின்னப் பெட்டியில வெச்சு, ஒரு பெட்டிக்கு ஒரு உறவுக்காரர் கையில ஏந்தி மேலே கொண்டுபோகணும். வேன்லயோ வண்டியிலயோ ஏத்தக் கூடாது. உறவு இல்லாதவங்களை இருக்கிற இடத்துலயே விட்டு ஜெபம் சொல்லிடுவோம்.”

“அப்புறம் ஆறு கொண்டுபோயிடும்.”

அவர் கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தை எடுத்துப் பதிவேட்டின்மேல் வைத்தார்.

அவள் படிவத்தின் முப்பத்தொரு வரிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். “ஃபாதர், எங்க கொள்ளுத்தாத்தா சொன்னது பொய்யா?”

“நானும் அதை ரொம்ப நாள் யோசிச்சேன்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“சொன்ன அன்னைக்கு வேணா பொய்யா இருந்திருக்கலாம். ஆனா அதோட விட்டுடலையே அவர். அன்னையிலேருந்து நாலு தலைமுறையா தினமும் ஜெபத்துல அவங்களைச் சொல்லிட்டு வர்றோம். ஏழு பெரியப்பா, அஞ்சு அத்தைன்னு. கூடப் பிறந்தவங்களுக்கே யாரு இத்தனை வருஷம் ஜெபம் பண்றா?” பேனாவை எடுத்தாள். “இனிமே அவங்க யாரோ இல்ல.”

முப்பத்தொரு வரியிலும் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற கட்டத்தில் கொள்ளுத்தாத்தா சொன்னதையே ஒவ்வொன்றாக எழுதினாள். “பெட்டி நான் செய்றேன் ஃபாதர். வேற யாருகிட்டயும் வேலையைக் குடுத்துடாதீங்க.”

வெளியே வந்தபோது சம்பந்தியம்மா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் புது மரியாதை. “வாங்க சம்பந்தி. இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டிருந்தேன். எங்க வீட்டுல எல்லாருக்கும் சொல்லணும், நாம பொண்ணு எடுக்கிறது லேசுப்பட்ட இடம் இல்ல, முப்பத்தொரு பேர் ஒரே வரிசையில படுத்திருக்காங்கன்னு.”

ஒரு மாதமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். பஸ் ஏறிவிடலாம். அந்தப் பெருமை கல்யாணம்வரைக்கும், அதற்கப்புறமும் நிற்கும். மகளுக்கும் புகுந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க ஏதுவாக இருக்கும்.

அவள் கீழ்வரிசையைப் பார்த்தாள். அந்தக் கற்களுக்கு முன்னால் நின்று இல்லாத பெருமையைச் சுமக்க அவளால் முடியவில்லை. இருக்கிற பெருமையே கனமாக இருந்தது.

“சம்பந்தி, ஒரு விஷயம். முப்பது பேர் எங்க ஆளுங்க இல்ல.”

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளம், விதி, பெட்டி, பதிவேடு. தன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைச் சட்டத்துக்குள் வைத்து அடைத்ததையும் மறைக்கவில்லை. “எங்க வம்சம் நீங்க நினைச்ச மாதிரி சின்ன வம்சம்தான். ஒத்தை ஆளுங்க. ஆனா எங்க கொள்ளுத்தாத்தா இப்படிப்பட்டவர். அதை மட்டும் உங்ககிட்டச் சொல்லிக்கிறேன்.”

சம்பந்தியம்மா சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். பஸ்ஸில் ஏறியதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும் கேட்டாள். “கல்லறை மாத்தறது எந்தச் சனிக்கிழமைன்னு சொன்னாங்க?”

“மூணாவது வாரம். காலையில ஏழு மணி.”

“ம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஐந்து நாள் போன் இல்லை. சட்டக்காரம்மா கடைக்கு வந்த வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெட்டி செய்யத் தொடங்கினாள். ஒன்றரை முழ நீளம், பிள்ளைகளுக்கு இன்னும் சின்னது, நாலு மூலையும் சாய்வுக் கோப்பு, ஆணி இல்லை. கோயில் கூரையில் பார்த்தது கையில் இருந்தது. மகள் வேலை விட்டு வந்ததும் உப்புத்தாள் தேய்த்தாள்.

“அம்மா, அவங்க ஏதாவது மனசுல வெச்சுக்கிட்டாங்களோ?”

“வெச்சுக்கிட்டா வெச்சுக்கட்டும். நீ மூலையை ஒழுங்காத் தேய்.” சொன்னாளே தவிர, அவள் கண்ணும் போன்மேல்தான் இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வாத்தியாருக்கு எதற்கு நாடா என்று மகள் விழித்தாள்.

“அத்தை, அம்மா பெட்டியோட உள்ளளவு எடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்றான். “உள்ள துணி தைச்சுப் போடணுமாம். வெறும் மரத்துல படுக்கவைக்கக் கூடாதுன்னாங்க. ஆறு மெஷினும் இனிமே அந்த வேலைதானாம். பிள்ளைங்க பெட்டிக்கு மட்டும் மெத்துன்னு ரெட்டைத் துணி.”

சட்டக்காரம்மா திரும்பி நின்று ஒட்டுப்பசை டப்பாவைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவளும் மகளும் துணி விரித்த பெட்டிகளோடு ஒரு சின்ன லாரியில் போய் இறங்கினார்கள். வழியெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆள் இரண்டு, பெட்டி முப்பத்தொன்று. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஆளுக்குப் பதினைந்து தடவையாவது ஏறி இறங்க வேண்டும். சாயங்காலம் ஆனாலும் சரி, ஏறிவிடலாம்.

கோயில் வாசலில் ஒரு பஸ்ஸும் இரண்டு வேனும் நின்றன. சித்தப்பாக்கள், பெரியம்மாக்கள், மச்சினர்கள், ஓரகத்திகள் என்று சம்பந்தி வீடே துவைத்துத் தேய்த்த வெள்ளை உடுப்பில் இறங்கி நின்றது. நடுவில் சம்பந்தியம்மா, கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிப்பவள்போல ஆளுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ரெண்டாவது பெரியப்பாவைத் தூக்கு. குடிகாரன் மாதிரி ஆடிக்கிட்டு நடக்காத, அவர் வயசானவர். அக்கா நாலு பேருக்கும் பொம்பளைங்களே போங்க. ஏய், மாமா எட்டுப் பேருன்னு சொன்னேன், ஏழு பேர்தான் நிக்கிறீங்க. என் கொழுந்தன் எங்க? பஸ்ஸுல தூங்குறானா? எழுப்புங்க அவனை.”

பங்குத் தந்தை பதிவேட்டோடு வந்து, இத்தனை பேரையும் பார்த்து நின்றுவிட்டார். “நீங்கல்லாம் தச்சர் வீட்டுக்கு என்ன உறவும்மா?”

“அந்த வீட்டுல பொண்ணு எடுக்கிறோம் ஃபாதர்” என்றாள் சம்பந்தியம்மா. “அவங்க பெரியப்பா எங்களுக்கும் பெரியப்பாதானே. எழுதிக்கோங்க.”

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். பெட்டி கிடைக்காதவர்களுக்கு ஒரே மனத்தாங்கல். “எங்களை ஏன் கூட்டிட்டு வந்தே?” என்று ஒரு அத்தான் முணுமுணுத்தார். “பூ எடுத்துட்டு வா, வாயை மூடு” என்று பதில் கிடைத்தது.

கல்லறைகளில் எடுத்ததை வைத்துப் பெட்டிகளை மூடியானதும், தச்சரின் பெட்டியை மகள் ஏந்தினாள். முதல் பெரியப்பாவின் பெட்டியைச் சட்டக்காரம்மா வாங்கிக்கொண்டாள். சம்பந்தியம்மா எல்லாரையும் அனுப்பிவிட்டு, கடைசியில் இருந்த மிகச் சின்னப் பெட்டியைத் தானே எடுத்து, கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“இத்தனை பேரை இரவல் குடுத்துட்டீங்களே சம்பந்தி” என்றாள் சட்டக்காரம்மா.

“இரவல்னு யாரு சொன்னா? இரவல்னா திருப்பிக் கேப்பாங்க.” சம்பந்தியம்மா பெட்டிமேல் விழுந்திருந்த ஒரு காய்ந்த இலையை ஊதித் தள்ளினாள். “அன்னைக்கு நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. எங்க வீட்டுல நாப்பது பேர் இருக்கோம், சரிதான். ஒருத்தராவது இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்கோமான்னு அஞ்சு நாளா யோசிச்சேன். ஒண்ணும் தட்டுப்படல. சரி, முன்னாடி நடங்க. உங்க வீட்டுக் காரியம், நீங்கதான் முதல்ல போகணும்.”

மேலே மணி அடிக்கத் தொடங்கியது. சட்டக்காரம்மா பெரியப்பாவை ஏந்திக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சரிவு முழுக்க வெள்ளை உடுப்புகள், ஒவ்வொரு கையிலும் ஒரு பெட்டி, வரிசை ஆற்றங்கரைவரை நீண்டு கிடந்தது. எல்லாரும் அவள் வீட்டு மனிதர்கள்.